ரங்கூன் தேக்கு

என் வாழ்நாளில் நான் கன்னத்தில் வாங்கிய அறைகளுக்குக் கணக்கில்லை. அவற்றில் முக்கால்வாசி நியாயமானவைதான். ஆனால் பத்து வயதில், மதுரையில் அக்காவின் மாமியார் வீட்டுக் கூடத்தில், அத்தனை பேர் பார்க்க அக்கா எனக்கு விட்ட அறையை மட்டும் நெடுங்காலம் நான் மன்னிக்கவில்லை. உண்மையைச் சொன்னதற்கு அறை! எந்த ஊர் நியாயம் இது?

அக்காவுக்குத் தை மாதம் கல்யாணம் நடந்தது. புதுப்பெண் புகுந்த வீட்டில் தனியாகத் திண்டாடக் கூடாதென்று தங்கையைத் துணைக்கு அனுப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த அப்பா, "அக்கா சொல்றதக் கேளு, வாயக் கொறைச்சுக்க" என்று புத்தி சொல்லி என்னையும் ரயிலேற்றினார்.

அக்காவின் மாமியாரை நானும் அத்தை என்றுதான் கூப்பிட்டேன். அத்தைக்கு இரண்டு குரல் இருந்தன. யாராவது வந்து உட்கார்ந்திருந்தால், "இவ மருமகளா எனக்கு? நான் பெறாத மகள்ல!" என்று அக்காவின் தலையைத் தடவுவாள். வந்தவர் தெருவில் இறங்க வேண்டியதுதான், "அம்புட்டுப் பாத்திரமும் கெடக்கே, ஒங்கப்பனா வந்து தேய்ப்பான்?" என்று கொல்லையிலிருந்து சத்தம் வரும். அக்கா குனிந்த தலை நிமிராமல் தேய்ப்பாள். அத்தான் பேப்பர் படிப்பார். சீமைச் செய்தியெல்லாம் தெரிந்த மனுஷருக்குக் கொல்லையில் நடப்பது தெரியாதாம்!

அந்த வீட்டுக் கூடத்தில் ஆளுயரத்துக்கு ஒரு பீரோ நின்றது. முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. "அம்புட்டும் ரங்கூன் தேக்கு" என்று அத்தை, வருகிறவர்களிடமெல்லாம் கேட்காமலேயே சொல்வாள்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அத்தையின் மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. விடிந்ததிலிருந்து வீடு அமளிப்பட்டது. நானும் ஒரு கை கொடுக்க நினைத்தேன். எங்கள் வீட்டில் வெள்ளிதோறும் வாசல் நிலை, கதவு, தேக்குப் பெட்டி எல்லாவற்றையும் தண்ணீர் ஊற்றிக் கழுவி மஞ்சள் குங்குமம் வைப்போம். இங்கே இந்தப் பீரோவுக்கு யாருமே அதைச் செய்யவில்லையே என்று எனக்கு ஆதங்கம். எல்லோரும் அடுப்படியில் இருந்த நேரத்தில் ஒரு வாளி வெந்நீரைத் தூக்கி வந்து பீரோவைத் தேய்த்துக் கழுவினேன். மூன்று பொட்டு வைத்தேன். தரையையும் துடைத்துவிட்டேன். தங்கச்சிக்காரி பொறுப்பானவள் என்று அக்காவுக்கு நல்ல பெயர் கிடைக்கும் என்பது என் கணக்கு.

மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்து கேசரியில் கை வைத்தபோது, பீரோவின் கதவு கொப்புளம் போட்டு நின்றது. வந்தவர்களில் பெரியவர் ஒருவர், "இதென்னம்மா இப்படி உப்பிப் போயிருக்கு?" என்று கேட்டார்.

அத்தை சிரிப்பு மாறாமல் என்னைக் காட்டினாள். "மருமகளோட தங்கச்சி. பட்டிக்காட்டுப் புள்ள. நல்ல தேக்குல தண்ணிய ஊத்திக் கெடுத்துருச்சு."

எனக்கு வந்ததே கோபம்! செய்ததும் அவர்களுக்காக, பழியும் எனக்கா?

"தேக்கு தண்ணில கெடாது அத்தை! எங்க வீட்டு நெலையை வாராவாரம் கழுவுறோம், கல்லு மாதிரி இருக்கு. இது மேல மட்டும்தான் தேக்கு!" என்று சொல்லி, கொப்புளத்தின் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். வெற்றிலைக் கனத்தில் ஒரு சீவல், கதவின் பாதி நீளத்துக்கு உரிந்து கையோடு வந்தது. அடியில் வெளிறிய மாம்பலகையும் பிசுபிசுத்த வச்சிரப் பசையும் தெரிந்தன. அதோடாவது நிறுத்தினேனா? "ஒங்க பேச்சு மாதிரியே இருக்கு. ஆளு வந்தா ஒண்ணு, போனா ஒண்ணு!" என்றேன்.

அப்போதுதான் அக்கா அறைந்தாள். காது ரீங்கரித்தது.

அத்தை அந்த நேரத்திலும், "விடுத்தா, சின்னப் புள்ளதானே" என்று என்னை அணைத்துக்கொண்டாள். அணைப்புக்குள்ளேயே கிள்ளிய கிள்ளில் என் கையில் ரத்தம் கட்டியது. வந்தவர்கள், ஊருக்குப் போய்க் கடிதம் போடுவதாகச் சொல்லிக் கிளம்பினார்கள். போடவில்லை. மறுநாள் அப்பா வந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்டு என்னை அழைத்துப் போனார். மாமரத்தைத் தேக்கென்று சொன்னது யார், மன்னிப்புக் கேட்டது யார்!

ஆடிக்கு அக்கா பிறந்த வீடு வந்தாள். மெலிந்திருந்தாள். தெருப் பெண்கள் விசாரித்தபோது, "எனக்கென்னக்கா, ராணி மாதிரி வச்சிருக்காக" என்று சிரித்தாள். அடிப்பாவி! அந்த அம்மாளுக்காக என்னை அடித்தது போதாதென்று வக்காலத்து வேறா? அந்த மாதம் முழுக்க அவளுக்கு நான் முகம் கொடுக்கவில்லை. தலை வாரிவிட வந்தால் எழுந்து போய்விடுவேன்.

ஆவணி பிறந்ததும் அத்தான் அழைக்க வந்தார். அன்று காலையில் அக்கா போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்துவிட்டாள். காய்ச்சல் என்றாள். "நாலு நாள் போகட்டும் மாப்பிள்ளை, நாங்களே கொண்டாந்து விடுறோம்" என்றாள் அம்மா. அத்தானும் சரியென்று எழுந்துவிட்டார்.

நான் சும்மா இருப்பேனா? போய் அக்காவின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

"அத்தான், காய்ச்சலும் இல்ல ஒண்ணும் இல்ல, பொய் சொல்றா! நீங்களே தொட்டுப் பாருங்க!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன்.

அக்கா போர்வையை விலக்கினாள். எழுந்து முகம் கழுவி, தலையை வாரிக்கொண்டு, அத்தானோடு அடுத்த ரயிலுக்குப் புறப்பட்டுப் போனாள். இன்னொரு பொய்யைப் பிடித்துவிட்ட பெருமையில் நான் அன்றைக்கு இரண்டாம் தரமும் சோறு வாங்கிச் சாப்பிட்டேன். இல்லாத காய்ச்சல் அவளுக்கு எதற்கு வேண்டியிருந்தது என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.