இந்த வாரம் ஆண்டவர் எங்கே நின்றார்?

என் அக்காள் கணவருக்குப் பள்ளிப் பிள்ளைகள் வைத்த பெயர் நிதானம் மாமா. பேருந்தின் படியில் கால் வைக்கும் ஒவ்வொரு பிள்ளையிடமும் "நிதானம், நிதானம்" என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. எனக்கு அவர் அத்தான். பத்தொன்பது வயதில் லாரியில் கிளீனராக ஏறி, பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்து, கடைசி இருபத்திரண்டு வருடமாக ஒரே பள்ளியின் நான்காம் நம்பர் பேருந்தை ஓட்டியவர். ஒரு கோழிக்குஞ்சுகூடத் தன் சக்கரத்தில் சிக்கியதில்லை என்பது அவருடைய பெருமை. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் அதைச் சொல்லாமல் கை கழுவ மாட்டார்.

அதே பள்ளியின் ஷெட்டில் தகரம் தட்டி நெளிவெடுத்து பெயிண்ட் அடிக்கிற வேலை எனக்கு. அத்தான் ஓட்டுவார், நான் ஒட்டுப்போடுவேன் என்று அக்காள் எங்களைக் கிண்டல் செய்வாள்.

வியாழக்கிழமை மாலைகளில் மருந்துக்கடைக்காரர் வீட்டு மாடியில் ஜெபக்கூட்டம் நடக்கும். பாட்டு, வசனம், ஜெபம் எல்லாம் முடிந்த பிறகு ஒரு வழக்கம் உண்டு. வட்டமாக உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரிடமும் மருந்துக்கடைக்காரர் ஒரே கேள்வியைக் கேட்பார்: "இந்த வாரம் ஆண்டவர் எங்கே நின்றார்?" வாரத்தில் எந்த இடத்தில் ஆண்டவர் தன்னைக் காப்பாற்றினார் என்று ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பலர் 'நல்ல சுகம் தந்தார்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள். நான் டீக்கும் பிஸ்கட்டுக்கும் போகிறவன், என் முறை வரும்போது தொண்டை கட்டிக்கொள்ளும்.

அத்தான் அப்படியல்ல. அவருக்கு ஆண்டவர் நிற்காத இடமே கிடையாது. டயர் பஞ்சரானால், அந்தப் பத்து நிமிடத் தாமதத்தில்தான் பாலத்தில் நடந்த விபத்திலிருந்து தப்பித்தோம் என்பார். செல்போன் செத்துப்போனால், யாரோ கெட்ட செய்தி சொல்ல இருந்ததை ஆண்டவர் தடுத்துவிட்டார் என்பார். "ஏன் அத்தான், ஆண்டவருக்கு வேற வேலையே இல்லையா, உங்க பஸ்ஸுக்குப் பின்னாலேயே சுத்துறாரா?" என்று கேட்டால், "நாற்பது பிள்ளைங்க இருக்குடா அதுல. வேற எங்க சுத்துவாரு?" என்பார்.

ஒருநாள் காலை, மஞ்சள் பை மாட்டிய சின்னப் பெண் ஒருத்தி பேருந்தில் ஏறப் போனவள், கீழே விழுந்த தண்ணீர் பாட்டிலை எடுக்கக் குனிந்து முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் போய்விட்டாள். எல்லாரும் ஏறியாயிற்று என்று அத்தான் வண்டியை நகர்த்தினார். பேருந்து ஆயா தகரத்தில் ஓங்கி அடித்து ஊரே கேட்கக் கத்தினார். வண்டி ஒரு சாண் நகர்ந்து நின்றது. அந்த வியாழக்கிழமை அத்தான் கண்ணீரோடு எழுந்து நின்று, "இந்த வாரம் ஆண்டவர் எங்க ஆயா தொண்டையில நின்னாரு" என்றார். மாடியே அல்லேலூயா சொன்னது. நானும் சொன்னேன்.

மருந்துக்கடைக்காரருக்கும் அத்தானுக்கும் முப்பது வருடப் பழக்கம். அத்தான் கல்யாணத்தில் அவர்தான் மாப்பிள்ளைத் தோழன். கூடப்பிறக்காத தம்பி என்றுதான் அத்தான் எல்லாரிடமும் சொல்லுவார். அந்தத் தம்பியிடம்தான் ஒருநாள் கடையில் கூட்டம் குறைந்ததும் மெல்லச் சொல்லியிருக்கிறார்: சாயங்காலமானால் இடது கண்ணில் கொஞ்சம் பனி மூட்டினாற்போல இருக்கிறது, சொட்டு மருந்து ஏதாவது கொடு. அவரும் கொடுத்தார். நாலைந்து மாதம் கொடுத்தார். "இது உன்னோட இருக்கட்டும்" என்று அத்தான் கேட்டுக்கொண்டார். "என்ன அண்ணே, என்கிட்ட போய்ச் சொல்றீங்க" என்று அவர் நெஞ்சில் கை வைத்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஜெபக்கூட்டத்தின் வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி வந்தது.

"அன்பானவர்களே, அவசர ஜெபக் குறிப்பு. நம் கூட்டத்தைச் சேர்ந்த அருமையான சகோதரர் ஒருவர். பெயர் வேண்டாம். தினமும் நாற்பது சின்னஞ்சிறு பிள்ளைகளைச் சுமந்து செல்பவர். சில மாதங்களாக அவருடைய இடது கண்ணில் மங்கல். ஆண்டவர் தொட்டுச் சுகமாக்க முழங்காலில் நிற்போம். வெளியே பகிர வேண்டாம்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் இதுதான். எங்கள் கூட்டத்தில் நாற்பது பிள்ளைகளைச் சுமப்பவர் வேறு யார், தபால்காரரா? கீழே வரிசையாகக் கூப்பிய கைகள் வந்து விழுந்தன. 'வெளியே பகிர வேண்டாம்' என்ற வரியையும் சேர்த்தே எல்லாரும் வெளியே பகிர்ந்தார்கள். பள்ளியில் பேருந்துகளைக் கவனிக்கும் மேலாளரின் மனைவி அந்தக் குழுவில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. மதியச் சாப்பாட்டுக்குள் விஷயம் மேலாளர் மேசைக்குப் போய்விட்டது.

அன்று மாலை பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்த அத்தானிடம் மேலாளர் சாவியைக் கேட்டார். "கண் டாக்டர்கிட்ட சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் வேற ஆள் ஓட்டட்டும். தப்பா நினைக்காதீங்க."

அத்தான் சாவியைக் கொடுத்தார். வளையத்திலிருந்து வீட்டுச் சாவியைக் கழற்ற மட்டும் அவருக்கு ரொம்ப நேரம் பிடித்தது. நான் ஷெட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், கிட்டப் போகவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு மருந்துக்கடை வாசலில் போய் நின்றார். கை நீட்டிவிடப் போகிறாரே என்று அக்காள் என்னையும் கூட அனுப்பியிருந்தாள். இருமல் மருந்து வாங்க வந்த ஒரு அம்மா எங்களைப் பார்த்ததும் மிச்சச் சில்லறைக்குக்கூட நிற்காமல் போய்விட்டார்.

"வேணும்னு போட்டியா, தெரியாம போட்டியா? அதை மட்டும் சொல்லு" என்றார் அத்தான்.

"அண்ணே, ஜெபத்துக்குத்தான்..."

"ஜெபம் பண்ண ஆண்டவர் போதாதா? அவங்க எல்லாரும் எதுக்கு?"

மருந்துக்கடைக்காரர் கையில் இருந்த மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தலை நிமிராமலே சொன்னார்: "அந்த மஞ்சள் பை பொண்ணு விஷயத்துக்கு அப்புறம் எனக்குத் தூக்கம் இல்லண்ணே. உங்ககிட்ட நேரா வண்டியை விட்டுடுங்கன்னு சொல்லத் தைரியம் இல்ல. ஸ்கூல்ல போய்ச் சொல்லவும் தைரியம் இல்ல. ஜெபம்னு போட்டா யாராவது பாத்துக்குவாங்கன்னு..."

"அந்தப் பொண்ணு கண்ணாடிக்குக் கீழ குனிஞ்சிருந்தா. எவன் ஓட்டியிருந்தாலும் தெரிஞ்சிருக்காது!"

"இருக்கலாம்ணே."

"கூட இருந்தே குழி பறிச்சிட்டியேடா. முப்பது வருஷமா உன்னைத் தம்பின்னு சொன்ன இந்த வாயைத்தான் அடிச்சுக்கணும்." அத்தான் கை நீட்டவில்லை. பையிலிருந்த சொட்டு மருந்துக் குப்பியை எடுத்துக் கல்லாவின் மேல் வைத்துவிட்டு இறங்கினார். திரும்பி நடக்கும்போது அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கடைக்காரரை நாலு வார்த்தை திட்டினேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி திட்டினேன். அதை நினைத்தால் இப்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இரண்டு வியாழக்கிழமை அவர் மாடிக்குப் போகவில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் சொல்லும் ஜெபத்தையும் நிறுத்திவிட்டார். "அவனுக்கு ஜெபம் பண்ணத் தெரியும்ல, அவனே பண்ணட்டும்" என்று தட்டை இழுத்துக்கொள்வார். காலை ஆறரைக்கு நான்காம் நம்பர் பேருந்து எங்கள் தெருமுனையைத் தாண்டும். அந்தச் சத்தம் கேட்டதும் உள்ளறைக்குப் போய்விடுவார். ஆண்டவர் பெயர் அந்த வீட்டில் கேட்காமல் போனதுதான் அக்காளுக்குப் பெரிய பயமாக இருந்தது. எனக்கோ, அவர் ஸ்டியரிங்கை விட்டால் என்ன ஆவார் என்பது பயம். வேறு எதுவும் தெரியாத மனிதர்.

கடைசியில் அவரே கண் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். "சர்டிபிகேட் வாங்கி அவன் மூஞ்சியில எறியறேன், வாடா" என்றார். அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. வருடாவருடம் சுவரில் மாட்டிய எழுத்து அட்டையைக் கடைசி வரி வரை கடகடவென்று படித்துத் தேறியவர் அவர். அன்றும் ஒவ்வொரு கண்ணாக மூடிப் படித்தார். கடைசி வரியை வேண்டுமென்றே சத்தமாகப் படித்தார். ஆனால் டாக்டர் கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தை அளந்துவிட்டு, இன்னொரு சோதனைக்குப் பக்கத்து இருட்டறைக்கு அனுப்பினார்.

அங்கே பெரிய வெள்ளைக் கிண்ணத்தைக் கவிழ்த்து நிறுத்தினாற்போல ஒரு மிஷின். அதற்குள் முகத்தை வைத்து நடுவில் இருக்கும் புள்ளியையே பார்க்க வேண்டும். ஓரங்களில் சின்னச் சின்ன வெளிச்சப் பொட்டு வந்து வந்து போகும். தெரியும்போதெல்லாம் கையில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். மிஷினை ஓட்டும் பெண் இதைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்து, முதலில் இடது கண்ணை மூடி வலது கண்ணைச் சோதித்தாள். டக், டக் என்று பொத்தான் விடாமல் அடித்தது. பிறகு வலது கண்ணை மூடினாள்.

முதலில் இரண்டு தரம் டக் என்றது. அப்புறம் அறை அமைதியாகிவிட்டது. அவர் தோளுக்குப் பின்னால் நின்ற எனக்கு அந்தக் கிண்ணத்தின் உட்புறம் கொஞ்சம் தெரிந்தது. இடது ஓரத்தில் ஒரு பொட்டு வந்து போனது. மேலே ஒன்று வந்தது. கீழே ஒன்று. மறுபடி ஓரத்தில், இன்னும் பிரகாசமாக. அத்தானின் கட்டைவிரல் பொத்தானின் மேல் தயாராக இருந்தது, அழுத்தவில்லை. அழுத்துங்க அத்தான், அழுத்துங்க என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "இன்னும் ஆரம்பிக்கலையாம்மா?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். "முடியப் போகுதுங்க ஐயா" என்றாள்.

டாக்டர் அந்தத் தாளை மேசையில் விரித்துக் காட்டினார். இடது கண்ணுக்கான வட்டத்தில் நடுவில் ஒரு துண்டு வெள்ளை, மீதி முழுக்கக் கறுப்பு. எழுத்து படிக்க அந்த நடுத்துண்டு போதும், அதனால்தான் யாருக்கும் தெரியவில்லை, உங்களுக்கே தெரிந்திருக்காது என்றார். போன பார்வை திரும்பாது, இருப்பதை மருந்து போட்டுக் காப்பாற்றலாம், நல்ல நேரத்தில் வந்தீர்கள், இல்லாவிட்டால் வலது கண்ணும் இதே வழியில் போயிருக்கும் என்றார். வண்டி ஓட்டுவதைப் பற்றி நாங்கள் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை.

வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். மடியில் அந்தத் தாள். அத்தான் கேட்டார்.

"படி எந்தப் பக்கம்டா இருக்கு நம்ம வண்டியில?"

இருபத்திரண்டு வருடம் ஓட்டிய மனிதர் என்னிடம் கேட்கிறார். "இடது பக்கம் அத்தான்."

"நீ பெயிண்ட் அடிச்ச கீறலு?"

நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன்.

"எந்தப் பக்கம்னு கேக்கறேன்."

"எல்லாம் இடது பக்கம்தான்."

"எத்தனை?"

"இந்த ஒரு வருஷத்துல ஏழு." கேட் சுவர், மரக்கிளை, ஷெட்டுத் தூண். ஒவ்வொன்றையும் மேலாளர் கண்ணில் படுவதற்குள், காதும் காதும் வைத்தாற்போல, பட்டி பார்த்து மஞ்சள் பெயிண்ட் அடித்து மறைத்தவன் நான். நன்றியுள்ள மச்சினன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டும் இருந்தேன்.

"அவன் ஊருக்கே சொல்லிட்டான்" என்றார் அத்தான். "நீ எனக்குக்கூடச் சொல்லலியேடா."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. அந்த மஞ்சள் பைப் பெண்ணின் பெயரை மட்டும் இரண்டு மூன்று தரம் வாய்க்குள் சொன்னார். பிறகு, "அவ குனியவே இல்லையோ என்னமோ, எனக்கென்ன தெரியும்" என்றார். பேருந்து வந்தது. ஏறும்போது படியில் தடுமாறிய அவர் கையைப் பிடித்தேன், உதறிவிட்டார்.

அந்த வியாழக்கிழமை அவர் மாடிக்கு வந்தார். அக்காள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் உட்கார்ந்தோம். எல்லாரும் அவரைப் பார்க்காத மாதிரி பார்த்தார்கள். பாட்டு முடிந்தது, ஜெபம் முடிந்தது. மருந்துக்கடைக்காரர் வழக்கமான கேள்வியை வட்டமாகக் கேட்டுக்கொண்டே வந்தார். அத்தானிடம் வந்ததும் அவரைத் தாண்டி அடுத்த ஆளிடம் போகப் பார்த்தார்.

"என்கிட்டயும் கேளு" என்றார் அத்தான்.

மருந்துக்கடைக்காரர் அவர் பக்கம் திரும்பினார்.

"இந்த வாரம்... ஆண்டவர் எங்கே நின்னாருண்ணே?"

அத்தான் எழுந்தார். டாக்டர் கொடுத்த தாளை விரித்து, கறுப்பு வட்டம் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி பிடித்தார். அவர் குரல் நிதானமாக இருந்தது.

"நாற்பது பிள்ளைங்களைக் காப்பாத்துப்பான்னு இருபத்திரண்டு வருஷமா தினமும் காலையில கேட்டேன். காப்பாத்திட்டாரு. என்கிட்டேருந்து காப்பாத்திட்டாரு. அதுக்கு அவர் வந்து நின்ன இடம் இதோ இந்தத் துரோகியோட வாய். எனக்குப் பிடிக்கல. நிக்கறதுக்கு அவருக்கு வேற இடமே கிடைக்கலையான்னு வர்ற வழியெல்லாம் சண்டை போட்டுட்டுத்தான் வந்தேன். ஆனா நின்னாரு. இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. மருந்துக்கடைக்காரர் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அத்தான் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அழாத" என்றார் அவரைப் பார்த்து. "உன்கூட நான் இன்னும் பேசல." பிறகு என் பக்கம் திரும்பினார். "அடுத்து இவன்கிட்ட கேளு. இன்னிக்கும் தொண்டை கட்டுதான்னு பாப்போம்."