சித்தி வாங்கிய களிசான்

எங்கள் குடும்பத்தில் பனி மூடிய மலையில் விரும்பி ஏறிய முதல் ஆள் என் சித்தி. அவருக்கு முன் எங்களில் எவரும் உயரமான இடத்துக்கு ஆசைப்பட்டுப் போனதாகத் தெரியவில்லை. இல்ஃபோர்டில் பஸ்ஸின் மேல்தட்டுக்கு ஏறுவதையே அம்மா தவிர்ப்பார். அப்பா ஏணியில் ஏறி பல்ப் மாற்றும்போது வீட்டில் உள்ள எல்லோரும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்போம்.

சித்தி அம்மாவின் தங்கை. வயது முப்பதைத் தாண்டியிருந்தது, கல்யாணம் செய்யவில்லை, எங்கள் வீட்டு மாடியில் ஒரு சின்ன அறையில் இருந்தார். ஆஸ்பத்திரி லாப்பில் இரத்தம் சோதிக்கும் வேலை. அங்கே கூட வேலை செய்த ஐரிஷ் பெண் ஒருத்தி மலையேறுகிற குழு ஒன்றில் சேர்ந்திருந்தாள். கோடையில் ஒருநாள் சும்மா நடந்துவிட்டு வருகிறேன் என்று அவளோடு போன சித்தி, அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் வீட்டில் தங்குவதைக் குறைத்துக்கொண்டார். திரும்பி வரும்போது சப்பாத்தில் சேறும் முகத்தில் ஒரு சிரிப்பும் இருக்கும். சேற்றை அம்மா மன்னித்தார். சிரிப்புக்குத்தான் காரணம் கேட்டுக்கொண்டிருந்தார்.

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்கு ஒன்பது வயது. அந்த மார்கழியில் குழுவோடு வேல்ஸ் மலைக்குப் போன சித்தி பாதியில் திரும்பி வந்தார். போட்டுக்கொண்டு போனது ஜீன்ஸ். மழை ஆலங்கட்டியாகி, ஜீன்ஸ் தண்ணீரைக் குடித்து, பிறகு பலகைபோல விறைத்துவிட்டதாம். ஒருவர் நடக்க முடியாமல் போனால் எல்லோரும் இறங்கவேண்டும் என்பது குழுவின் சட்டம். சித்தியால் எல்லோரும் இறங்கினார்கள். ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை என்பதுதான் சித்தியை அதிகம் சுட்டது. மாசியில் ஸ்கொட்லாந்துக்குப் போவதாக இருந்தார்கள். முழுப் பனி. பூட்ஸுக்கு அடியில் இரும்புப் பற்கள் கட்டிக்கொண்டு ஏறவேண்டும்.

“எனக்கு ஒரு நல்ல களிசான் வேணும். வாறியா பிள்ளை, போய்ப் பாப்பம்” என்றார் சித்தி.

நீளக் காற்சட்டையை எங்கள் வீட்டில் களிசான் என்றுதான் சொல்வோம். ஒரு களிசான் வாங்க ஒரு பின்னேரம் போதும் என்று நினைத்து, சிப்ஸ் வாங்கித் தருவார் என்ற நம்பிக்கையில் கிளம்பினேன். தை மாதத்துச் சனிக்கிழமைகள் எல்லாம் அதில் போய்விட்டன.

முதல் கடை கோவென்ட் கார்டன் பக்கம். குடுமி கட்டிய இளைஞன் ஒருவன் வந்து, கணவருக்கா என்று கேட்டான். இல்லை என்றதும், அப்படியானால் மகனுக்கா என்று என் பின்னால் எட்டிப் பார்த்தான். சித்தி தனக்கு என்றார். மாசி மாதம், ஸ்கொட்லாந்து, பனி என்று தன் ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அவன் தலையாட்டிவிட்டுப் போய், பூங்காவில் நாயோடு நடக்கிற பெண்கள் போடுகிற ஒன்றைக் கொண்டுவந்தான். சித்தி அதைப் போட்டுக்கொண்டு வெளியே வந்து, கடை நடுவில் குந்தி எழும்பினார். பிறகு ஒரு காலைத் தூக்கி அங்கே கிடந்த ஸ்டூலின் மேல் வைத்து, முழங்கால் நெஞ்சில் முட்டும்வரை சாய்ந்தார். தொடையில் துணி இறுகிப் பிடித்தது. நன்றி சொல்லிக் கழற்றிக் கொடுத்தார். நான் இதற்குள் யாரோ ஒருவருடைய பிள்ளைபோல கூடாரங்கள் இருந்த பக்கம் நகர்ந்திருந்தேன்.

அடுத்த கிழமை போன கடையில்தான் என் மனம் பறிபோனது. பளபளக்கிற கறுப்பு, இரண்டு பக்கமும் ரோசா நிறக் கோடு, பனிச்சறுக்குப் போகிறவர்களுக்கானது. அதை எடுக்கச் சொல்லி நான் கெஞ்சினேன். எனக்காகச் சித்தி போட்டுப் பார்த்தார். நடந்தபோது தொடைகள் உரசி சர் சர் என்றன.

“நான் வாறது மலை முழுக்கக் கேக்கும்” என்றார்.

அது சரிவராது என்றானதும், சுவரில் தொங்கிய தடித்த மழைக் களிசானைக் காட்டினேன். ஒரு சொட்டுத் தண்ணீரும் உள்ளே போகாது என்று அதன் அட்டையில் எழுதியிருந்தது. அதைவிட வேறென்ன வேண்டும்? சித்தி சிரித்துக்கொண்டு வெளியே கூட்டி வந்துவிட்டார். ரயிலில் வரும்போது என் கையை ஒரு பிளாஸ்டிக் பையில் நுழைத்து, மணிக்கட்டில் ரப்பர் பாண்ட் போட்டார். இல்ஃபோர்ட் ஸ்டேஷனில் கழற்றினால் உள்ளங்கை நசநசத்தது.

“மழை பெய்யேல்லை. எப்பிடி நனைஞ்சது?”

“வேர்வை.”

“ஓம். ஏறேக்க அப்பிடித்தான் வேர்க்கும். நிண்ட உடன அது ஐஸ் ஆகும். மழைக் களிசான் பையுக்குள்ள கிடக்கட்டும், மழை வந்தா மேலால போடலாம். நான் தேடுறது நாள் முழுக்கப் போட்டிருக்கிறது.”

எனக்கு ஞாயமாகத்தான் பட்டது. இருந்தாலும் ரோசாக் கோட்டை நான் விட்டுக்கொடுக்கவில்லை.

கடைசிக் கடை ஒரு பழைய கட்டடத்தின் நிலவறையில் இருந்தது. கயிறும் ரப்பரும் மணத்தன. மூக்கில் வெயில் பட்டுத் தோலுரிந்த ஒரு பெரிய பெண் அங்கே நின்றாள். அவள் யாருக்கு என்று கேட்கவில்லை. எந்த மலை என்று கேட்டாள். சித்தி சொன்னதும் உள்ளே போய், சாணி நிறத்தில் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் போட்டாள். ஆண்களுடையது, அதில் மிகச் சின்ன அளவு. பெண்களுக்கென்று இதை யாரும் தைப்பதில்லை என்று மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னாள். இன்றைக்கு சாஃப்ட்ஷெல் என்று ஊரெல்லாம் விற்கிறார்கள். அன்று அதற்கு அந்தப் பெயர் இல்லை. இழுபடுகிற துணி என்றுதான் அவள் சொன்னாள்.

சித்தி துணியின் உட்பக்கத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். உள்ளே மெல்லிய பஞ்சு. பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“உன்ர கையை அங்கால பிடி. நான் ஊதிறன். காத்து வருதோ எண்டு சொல்லு.”

துணியில் வாயை வைத்து ஊதினார். மிக மெல்லியதாக, மூச்சுப்போல ஒன்று என் கையில் பட்டது.

“கொஞ்சமா வருது.”

“கொஞ்சந்தான் வரவேணும்.”

கைப்பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்து, கடைக்காரியின் முகத்தைப் பார்த்து அனுமதி கேட்டு, முழங்கால் இருக்கும் இடத்தில் சில துளிகள் விட்டார். துளிகள் உருண்டை உருண்டையாக நின்றன. தட்டிவிட்டதும் ஓடின. கடைக்காரி இப்போது மேசையில் முழங்கையை ஊன்றி ரசித்துக்கொண்டிருந்தாள். தன்னுடைய தடித்த கையுறைகளைத் தானே கொண்டுவந்து கொடுத்தாள், அவற்றைப் போட்டுக்கொண்டு பொக்கற் ஸிப்பைத் திறக்க முடிகிறதா என்று பார்ப்பதற்கு. முடிந்தது. சித்தி போட்டுக்கொண்டு ஸ்டூலில் ஏறினார். குந்தினார். முழங்காலை நெஞ்சுவரை தூக்கினார். துணி அவரோடு சேர்ந்து வளைந்தது. குனிந்தபோதும் முதுகு தெரியவில்லை. குள்ளமான என் சித்தி அந்தச் சாணி நிறக் களிசானில், ஒரு காலை உயரத்தில் வைத்துக்கொண்டு நின்ற விதத்தைப் பார்த்து, கயிறு பார்க்க வந்த இரண்டு பேர் கயிற்றை மறந்து நின்றார்கள். நான் கூடாரங்களுக்குப் பின்னால் போகவில்லை. என்ர சித்தி என்று யாருக்காவது சொல்லவேண்டும்போல இருந்தது.

ஒரே ஒரு குறை. நீளம். களிசான் கால்கள் குதியைத் தாண்டித் தரையில் இழுபட்டன. கடைக்காரி சிரிப்பை நிறுத்திவிட்டு, இதை அப்படியே போடக்கூடாது, பூட்ஸின் இரும்புப் பல் துணியில் மாட்டினால் தலைகுப்புற விழவேண்டியதுதான் என்றாள். நன்றாகத் தைக்கத் தெரிந்தவரிடம் கொடுத்து நீளத்தையும் கால் விளிம்பின் அகலத்தையும் குறைக்கச் சொன்னாள்.

நன்றாகத் தைக்கத் தெரிந்தவர் எங்கள் வீட்டிலேயே இருந்தார். அம்மாவிடம் தையல் மெஷின் இருந்தது. தெருவிலிருந்த எங்கள் ஆட்களுக்கெல்லாம் சட்டை தைத்துக் கொடுப்பவர் அவர்தான். ஆனால் அன்று பின்னேரம் களிசானைப் பார்த்த உடனேயே அம்மாவின் முகம் மாறிவிட்டது.

“அப்ப போறதெண்டே முடிவு?”

“ஓம் அக்கா.”

“ஒருக்காப் பனிக்குள்ளால வந்தது காணாதோ? உனக்கு விசரே? அண்டைக்கு உன்னைத் திருப்பித் தந்தது. இன்னொருக்காவும் தரும் எண்டு என்ன நிச்சயம்?”

“விடுமப்பா, அவ சின்னப்பிள்ளையே” என்றார் அப்பா.

“நீங்கள் பேசாமல் இருங்கோ. அவவின்ர காலை நீங்களே கழுவினது?”

சித்தி களிசானை மடித்துக்கொண்டே சத்தம் போடாமல் சொன்னார். “அக்கா, அண்டைக்கு என்னைக் கொண்டுவந்தவங்கள். நிக்க விடேல்லை, திரும்ப விடேல்லை. இப்ப நான் போறன். ஏலாட்டித் திரும்பி வருவன்.”

இரண்டு பேரும் அதற்குப் பிறகு நேரே பேசிக்கொள்ளவில்லை. குசினியில் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டே, சித்தியைச் சாப்பிடச் சொல்லு, அம்மாட்ட உப்பைத் தரச் சொல்லு என்று என்னை நடுவில் வைத்து ஓட்டினார்கள். எனக்கு அது ஒரு விளையாட்டு. சில நேரங்களில் சொல்லாததையும் சேர்த்துச் சொன்னேன்.

பயணத்துக்கு முந்திய கிழமை நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது, மெஷின் மேல் அந்தச் சாணி நிறக் களிசான் கிடந்தது. அம்மாவின் கையில் கத்தரிக்கோல். அம்மா கோபத்தில் அதை வெட்டிப் போடப்போகிறார் என்றே நினைத்தேன். சித்தி, சித்தி என்று கத்திக்கொண்டு மாடிக்கு ஓடினேன். சித்தி இறங்கி வந்தார்.

“அந்த இரும்புச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்து நில்” என்றார் அம்மா. “அளவு பிழைச்சா விழுந்துபோவாய்.”

என்னைத் தூது விடாமல் அம்மா நேரே சொன்னது, பல நாட்களுக்குப் பிறகு அதுதான். தரை கிழிந்துவிடாமல் பழைய கார்ப்பெட் துண்டு ஒன்றைக் குசினியில் விரித்தோம். சித்தி களிசானைப் போட்டு, பூட்ஸுக்கு இரும்புப் பற்களைக் கட்டிக்கொண்டு அதன்மேல் ஏறி நின்றார். அம்மா வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு காலடியில் முழந்தாளிட்டார். காலை மடக்கு என்றார், முன்னால் வை என்றார், மற்றக் காலை உரசுதா பார் என்றார். துணியைப் பிடித்துப் பிடித்து ஊசி குத்தினார். முழங்காலுக்கு உள்ளே ஒரு ஃபிளானல் துண்டு வைத்துத் தைக்கிறேன் என்று அடம்பிடித்தார்.

“வேண்டாம் அக்கா. வேர்வை போகாது.”

“குளிருமடி.”

“உள்ளுக்கு வேற போடுவன். குளிராது.”

அம்மா அந்தத் துண்டைக் கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுக் கீழே வைத்தார். அவர் அப்படி விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை. இழுபடுகிற துணியில் வழக்கமான ஊசி உடைந்தது. அதற்கென்று வேறு ஊசி வாங்கி வந்து, விளிம்பைக் குறுக்கி, இரட்டைத் தையல் போட்டு முடித்தார். கடையில் வாங்கியபோது இருந்ததைவிட அழகாக இருந்தது, நிறத்தைத் தவிர.

வெள்ளிக்கிழமை சித்தி போனார். சனிக்கிழமை முழுக்க அம்மா டெலிவிஷனில் வானிலை அறிக்கைக்காகக் காத்திருந்தார். ஸ்கொட்லாந்தின் மேல் காட்டிய அம்புக்குறிகள் என்ன என்று அப்பாவைக் கேட்டார். அப்பா தெரிந்ததுபோல ஏதோ சொன்னார். நான் அவர்கள் இருவருக்கும் நடுவில், மலையில் கரடி இருக்குமா என்ற கவலையோடு இருந்தேன்.

நான் அறியாதது இதுதான். பல வருடங்களுக்குப் பிறகே அம்மா எனக்குச் சொன்னார். சித்தி ஊரிலிருந்து வந்தது விமானத்தில் நேரே அல்ல. கள்ளமாக எல்லை கடத்திவிடுகிற ஏஜென்ட் ஒருவன் சித்தியையும் இன்னும் சிலரையும் லொறியில் ஏற்றி, எந்த நாட்டுக்கும் எந்த நாட்டுக்கும் நடுவில் என்று தெரியாத ஒரு காட்டில் இறக்கி, பனியில் நடத்தியிருக்கிறான். சாக்கிலிருந்து ஆளுக்கொரு பழைய களிசானை எடுத்து எறிந்தானாம். சித்திக்கு விழுந்தது யாரோ ஒரு பெரிய ஆணுடையது. ஓடை ஒன்றைக் கடந்தபோது அது நனைந்து, காலோடு சேர்ந்து உறைந்துவிட்டது. கூட நடந்த பிள்ளை ஒருத்தி இனி ஏலாது என்று ஒரு மரத்தடியில் இருந்துவிட்டாள். அவளுக்காக யாரையும் நிற்க விடவில்லை. சித்தி லண்டன் வந்து சேர்ந்தபோது, முழங்காலிலிருந்து கீழே தோல் உரிந்திருந்த அந்தக் கால்களை நாள் கணக்காகக் கழுவி மருந்து போட்டவர் அம்மா. அப்போது நான் தவழ்கிற குழந்தை. சித்தி இதைப்பற்றி என்னிடம் ஒருநாளும் பேசியதில்லை. அவர் ஏன் மறுபடியும் பனிக்குள் போனார் என்று இன்றைக்கும் நான் கேட்கவில்லை. வேல்ஸில் அவர் ஒருவருக்காக எல்லோரும் திரும்பினார்களே, அதை மட்டும் நினைத்துக்கொள்வேன்.

ஞாயிறு பின்னேரம் மணி அடித்தது. அம்மாதான் கதவைத் திறந்தார். சித்தி வாசலில் நின்றார். முகம் சிவந்து, உதடு வெடித்து, கண் மட்டும் பளிச்சென்று இருந்தது.

“ஏறியாச்சு அக்கா” என்றார்.

அம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த ஒடுங்கிய ஹோலில், சித்தி பையை இறக்குவதற்கு முன்பே, அவர் காலடியில் முழந்தாளிட்டார். இரண்டு உள்ளங்கைகளையும் இரண்டு முழங்கால்களிலும் வைத்து அழுத்தினார். அப்படியே கீழே தடவிக்கொண்டுபோய், விளிம்புக்குள் விரலை விட்டு, காலுறையைத் தொட்டார்.

“காய்ஞ்சிருக்கு” என்றார், எங்கள் யாரையும் பார்க்காமல். “இஞ்சேருங்கோ, காய்ஞ்சிருக்கு.”

அப்பா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். சித்தி குனிந்து அம்மாவின் தலையில் கையை வைத்தார். அம்மா களிசானைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினார்.

காய்ந்திருந்தால் இன்றைக்கே தோய்க்கத் தேவையில்லை, அது நல்ல விஷயந்தானே என்று நான் நினைத்தேன். அதற்கு ஒருவர் ஏன் அழவேண்டும் என்று விளங்கவில்லை. உச்சியில் கரடி இருந்ததா என்று கேட்பதற்காக, அவர்கள் இருவரும் எழும்பும்வரை படிக்கட்டில் காத்திருந்தேன்.