ஆறு பெண்கள் இருந்தும் வாரிசு இல்லை

போன ஞாயிறு டெக்ஸாஸில், கேட்டி நகரில், நண்பர் செந்தில் வீட்டில் இருந்தேன். ஈரோட்டுக்காரர். மனைவி சுமதி, இரண்டு பெண்கள். இரண்டாவது பிரசவத்தில் சுமதி பிழைத்ததே பெரிய விஷயம். இன்னொன்று வேண்டாம், உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஊரில் இருக்கும் செந்திலின் அம்மா விடுவாரா? ஞாயிறு தவறாமல் போன். பேர் சொல்ல ஒரு பையன் வேண்டாமா என்று அதே பேச்சு. செந்திலும் கொஞ்சம் கொஞ்சமாக அசைந்துகொண்டிருந்தார். நான் மட்டும் என்ன யோக்கியம்... அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மூத்தவள் காவ்யாவுக்குப் பதினோரு வயது. மறுநாள் ஸ்கூலில் படிக்க வேண்டிய ரிப்போர்ட்டை எங்களிடம் ஒத்திகை பார்த்தாள். இங்கிலாந்தில் மறைந்துபோன ஒரு பிரபுப் பட்டத்தின் கதை. முதல் பிரபு போருக்குக் கப்பல் கொடுத்து ராஜாவிடம் பட்டம் வாங்கினார். மகன் குடித்தே பாதி நிலத்தை அழித்தார். பேரன் அதை மீட்டு, ஊருக்கு ஆஸ்பத்திரி கட்டினார். நான்காவது பிரபுவோடு பட்டம் முடிந்தது – வாரிசு இல்லையாம்.

காவ்யா அங்கே நிறுத்திவிட்டு, புத்தகத்தில் இருந்த பழைய போட்டோவை அப்பாவிடம் காட்டினாள். அந்த நான்காவது பிரபுவைச் சுற்றி ஆறு பெண்கள்.

"டாட், ஹி ஹேட் சிக்ஸ் டாட்டர்ஸ். வொய் டஸ் இட் ஸே நோபடி?"

"அது வந்து கண்ணு... அந்தக் காலத்து ரூல். பட்டம் பசங்களுக்குத்தான் போகும்."

"ஸோ வென் யூ டை, வில் தே ஸே தட் அபவுட் அஸ்?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

கப்பலையும் நிலத்தையும் மறக்காமல் எழுதி வைத்தவர்களுக்கு, எதிரே நின்ற ஆறு பேர் கண்ணில் படவில்லை. பட்டமே இல்லாத நம் வீடுகளில் மட்டும் வேறு சட்டமா நடக்கிறது?

போன் அடித்தது. அம்மாதான். வழக்கமாக மாடிக்குப் போய்ப் பேசும் செந்தில், அன்று அங்கேயே நின்று பேசினார்.

"அம்மா, எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்காங்க. போதுமுங்கம்மா. எனக்கு சுமதி வேணும். இனி இதப் பேச வேண்டாமுங்க."

சுமதி கதவோரம் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

என் சட்டைப் பையில் லிவர்மோர் கோவில் குங்குமம் இருந்தது. கலிபோர்னியாவிலிருந்து கிளம்பும் முன், செந்தில் பெயரில் நானே செய்த அர்ச்சனை. காவ்யாவைக் கூப்பிட்டு அவள் கையில் கொடுத்தேன்.

ஆண் குழந்தை வேண்டிச் செய்தது என்று சொல்லத்தான் தைரியம் வரவில்லை.