பதிலாள் வந்தால் விடலாம்

யூலியட் ரீச்சருக்குக் கோபம் வந்தால் கணக்குப் பார்ப்பா. மற்றச் சனம் சட்டி பானையைப் போட்டு உடைக்கும், இவ தாளை எடுத்துக் கோடு கீறுவா. நெடுந்தீவுக்குக் கணிதம் படிப்பிக்க வந்து எட்டு வருசம். புருசன் மேர்வினும் மகன் அனுசனும் கடலுக்கு அந்தப் பக்கம் கரம்பொன் வீட்டில். வெள்ளி போட் ஏறிப் போய் ஞாயிறு திரும்புகிற தாய்.

போன சனிக்கிழமை மகனிடம் வீட்டுப்பாடத்தைக் கேட்டா. பெடியன் கொப்பியை இழுத்து வைத்துக்கொண்டு, "நீங்கள் நாளைக்குப் போயிடுவியள், அப்பாவிட்டைக் காட்டுறன்" என்றான். ஒன்பது வயது. கோபமில்லாமல்தான் சொன்னான். அதுதான் ரீச்சருக்கு நெஞ்சில் ஏறி இருந்தது.

அன்றைக்குக் கீறின கோடு நாலு. மட்டக்களப்பிலும் அரசாங்கச் சம்பளம் இதேதான். அரிசி மலிவு, வாடகை குறைவு, ஆனால் வந்தேறு ரீச்சரிடம் ஆர் ரியூசனுக்குப் பிள்ளை விடப் போகினம்? கொழும்பில் தனியார் பள்ளிக்கூடம் இரண்டு மடங்கு தருமாம், வெள்ளவத்தையில் ஒரு அறை எடுத்தால் அதில் பாதி போச்சு. மாலைதீவு நாலு மடங்கு, தங்குமிடமும் அவங்கட செலவு, இரண்டு வருச ஒப்பந்தம். கடைசிக் கோடு கரம்பொன் வீடு. கஷ்டப் பிரதேசக் கொடுப்பனவு வெட்டுப்படும், போட்டுக்கும் பஸ்ஸுக்கும் குடுக்கிறது மிஞ்சும், பின்னேரம் நாலு பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்கலாம். எப்படிக் கூட்டினாலும் அது மாலைதீவுக்குக் கிட்டவும் வராது.

"கணக்குப்படி மாலைதீவுதான்" என்றா மேர்வினிடம். "ஆனா எனக்கு இஞ்சதான் வேணும். இந்த முறையும் மாற்றம் தராட்டி அங்க கையெழுத்துப் போடுறன். பிரிஞ்சுதான் இருக்கவேணுமெண்டால் காசுக்காவது பிரிஞ்சு இருப்பம்."

மேர்வின் தாளை வாங்கித் திரும்பவும் கூட்டிப் பார்த்தார்.

மாற்றத்துக்குக் குறுக்கே நின்றவர் பள்ளிக்கூட அதிபர் சரவணமுத்து. வாய் திறந்தால் தேன் ஒழுகும். "உமக்கென்ன குறை ரீச்சர்? இஞ்ச இருந்தால் நாலு காசு மிச்சம் பிடிக்கலாம்" என்பார். ஒவ்வொரு வருசமும் விண்ணப்பத்தில் ஒரே வசனம் எழுதுவார்: 'பதிலாசிரியர் கிடைப்பின் விடுவிக்க ஆட்சேபனை இல்லை.' படிக்க நல்லாத்தான் இருக்கும். சோளகக் காற்றில் ஒரு மணித்தியாலம் ஆடி ஆடி இந்தத் தீவுக்கு வர எந்தக் கணித ரீச்சர் வரிசையில் நிற்கிறா? நீ செத்தாலும் இங்கேதான் என்பதற்கு மரியாதையான பாசை அது.

மாலைதீவு ஒப்பந்தத்துக்குச் சம்பளச் சீட்டு கேட்டார்கள். பள்ளிக்கூடக் கந்தோரில் இலிகிதர் றஜனி எடுத்துக் கொடுத்தாள். அடியில் இன்னொரு சீட்டு ஒட்டிக்கொண்டு வந்தது. திருமதி கோபிகா, கணிதம், கஷ்டப் பிரதேசக் கொடுப்பனவு உட்பட.

"இது ஆர் றஜனி? இஞ்ச கணிதத்துக்கு நான் ஒராள்தானே?"

றஜனியின் முகம் வெளிறிப் போச்சு. "ஐயோ ரீச்சர், நான் சொன்னதெண்டு சொல்லாதேங்கோ. எங்கட அதிபர் சேரின்ர மகள். ஆறு வருசமாப் பேர் இஞ்ச, வேலை ரவுணில."

யூலியட்டுக்கு உடம்பு பத்தி எரிந்தது. பள்ளிக்கூடத்துக்குக் கணித இடம் இரண்டு. தாளில் இரண்டும் நிரம்பியிருந்தால் கல்விக் கந்தோர் எப்படிப் புது ஆளை அனுப்பும்? பதிலாள் வருகிற கதவில் தன்ர மகளைக் குந்த வைத்துவிட்டு, பதிலாள் வரட்டும் என்று எழுதியிருக்கிறார் மனுசன். அவள் யாழ்ப்பாணத்தில் பிள்ளையும் குட்டியுமாக இருந்துகொண்டு தீவுக் காசையும் எடுத்திருக்கிறாள்.

மொட்டைக் கடிதம் போடலாம். போட்டால் குப்பைக் கூடைக்குத்தான் போகும். 'இல்லை, இவரின்ர கையாலேயே இவருக்குக் குடுக்கவேணும்' என்று நினைத்தா ரீச்சர்.

வெள்ளிக்கிழமை பின்னேர போட்டுக்குப் போகிற அவசரத்தில் இறங்குதுறையில் நின்று கையெழுத்து வைக்கிறது சரவணமுத்துவின் பழக்கம். முழங்காலில் பையை வைத்து, அதன் மேல் தாளை வைத்து, இழுத்துவிடுவார். இறப்பர் முத்திரையும் பைக்குள்தான். போட்காரன் "சேர், கயிறு கழட்டப் போறன்!" என்று கத்தினான். யூலியட் விண்ணப்பத்தை நீட்டினா. பதிலாசிரியர் பெயர் என்ற கூடு எட்டு வருசமும் வெறுமையாகக் கிடந்தது. இந்த முறை அதில் எழுதியிருந்தது: 'திருமதி கோபிகா, கணிதம், இதே பாடசாலை.' அவர் அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை. வழமையான வசனத்தை எழுதி, கையெழுத்து வைத்து, முத்திரையும் குத்தி, "இந்த முறையாவது சரிவரட்டும் பிள்ளை" என்று சிரித்தார். படுபாவி!

கோபிகாவின் பேரோடு அவர் ஒப்பமிட்ட ஆசிரியர் விபரப் பட்டியலை றஜனி பிரதி எடுத்துக் கொடுத்திருந்தாள்; அதையும் சேர்த்து, திங்கட்கிழமை ரீச்சர் லீவு போட்டுக் கல்விக் கந்தோரில் நேரே கொண்டுபோய்க் கொடுத்தா. இரண்டு கிழமையில் விசாரணை. அதிகாரி சரவணமுத்துவிடம் ஒன்றுதான் கேட்டார்: "கோபிகா உங்கட பள்ளிக்கூடத்து ரீச்சரோ, இல்லையோ?" இல்லை என்றால் ஆறு வருசக் கொடுப்பனவும் திரும்பக் கட்டவேணும், வேலையும் போகும். மனுசன் தண்ணி வாங்கிக் குடித்துவிட்டு, "ஓம்" என்றார்.

"அப்ப வாற திங்கள் அங்க கடமைக்கு வரட்டும். யூலியட் ரீச்சர் அண்டைக்கே விடுதலை, கரம்பொன்னுக்கு மாற்றம்."

அந்தத் திங்கள் கடல் பொல்லாத கடல். கோபிகா சேலை முழுக்கச் சத்தி எடுத்துக்கொண்டு இறங்கினாள். பின்னால் தகப்பன், இரண்டு கையிலும் சூட்கேஸ். யூலியட்டைக் கண்டதும் சூட்கேஸை வைத்துவிட்டு வந்தார்.

"நீரும் ஒரு தாய்தானே? பால்குடி மறக்காத பிள்ளையை விட்டிட்டு வந்திருக்கிறாள். நீர் செய்தது பாவம்."

யூலியட்டுக்கு இரக்கம் வராமல் இல்லை. வந்ததுதான். ஆனால் எட்டு வருசத்துக்கு முன்னால் அது வந்திருக்கவேண்டியது இவருக்கு.

"சேர், என்ர மகன் முதல் அடி வைச்சதை மேர்வின் சொல்லித்தான் கேட்டனான். அப்ப இஞ்ச சிக்னலும் ஒழுங்கா இல்லை. இப்ப நல்லா இருக்கு. உங்கட மகள் வீடியோவிலை பாக்கலாம்."

கோபிகாவின் கையில் வகுப்பறைத் திறப்பை வைத்துவிட்டுப் போட்டில் ஏறினா. திரும்பிப் பார்க்காமல் போனா என்று சொன்னால் அது பொய். தகப்பனும் மகளும் அழுதுகொண்டு நிற்க, கரை மறையுமட்டும் வடிவாகப் பார்த்துக்கொண்டுதான் போனா.