ஏசியை நிப்பாட்டினவ

இண்டைக்கு காரில இருந்தது பின்சீட்டில நான், கார் ஓட்டுற மருமகன் நளீம், முன்சீட்டில மகள் பரீதா. கற்பிட்டியிலிருந்து சிலாபத்துக்கு, அவங்கட வீட்டுக்குப் போறம்.

ஏசி கொஞ்ச நேரம் ஓடும், நிண்டுடும். மகள் உடனே கண்ணாடியைத் திறப்பாள்.

பாலாவியில ஒரு கராஜில காட்டினோம். கேஸ் பார்த்து, கம்பிரசரும் பார்த்து, பிழை ஒண்டுமில்லையாம். ஓடிப் பார்ப்பம் எண்டு மெக்கானிக் பாஸ் என்ட பக்கத்தில ஏறினார்.

கொஞ்சத் தூரத்திலயே சிரிச்சார்.

"உம்மா, ஏசி தானா நிக்கல்ல. உங்கட மகள்தான் சுவிட்ச அமத்துறா."

"கருவாட்டு மணம் தாங்க ஏலாம இருந்திச்சி உம்மா. சொன்னா கோவிப்பீங்க எண்டுதான்..." எண்டு இழுத்தாள் மகள்.

மருமகனும் வாயைப் பொத்திச் சிரிச்சார். ஊரார் பிள்ளை, மன்னிச்சிட்டன்.

கருவாட்டுப் பொதி என்ட மடியிலதான் இருக்கு. வேணுமெண்டவங்க சொல்லுங்க, தாறன்.

நேத்து போன் எடுத்து, "உம்மா, கட்டாக் கருவாடு மறக்காமக் கொண்டாங்க" எண்டவளுக்கு மட்டும் ஒரு துண்டும் இல்ல, மன்னிப்பும் இல்ல: என்ட மகள் பரீதா.