மீட்டரில் ஒட்டிய பொட்டு

என் தம்பியின் மணிக்கட்டை நான் வீல் ஸ்பேனரால் அடித்து உடைத்தேன். பெட்ரோலுக்காக. இப்போது சொன்னால் சிரிக்கிறார்கள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

பழைய கார்தான், எங்கள் இருவருக்கும் பொது, ஆளுக்கொரு சாவி. கறம்பக்குடியில் நான் டேங்கை நிரப்பி வைப்பேன். அவன் ஜெகதாப்பட்டினத்தில் மாமியார் வீட்டுக்குப் போய்த் திரும்பினால் பெட்ரோல் முள் அடியில் கிடக்கும். தொடர்ந்து மூன்று ஞாயிறு இப்படி. நான்காவது ஞாயிறு அவன் பைக்குக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் டியூப் கிடந்தது. காரிலிருந்து உறிஞ்சி பைக்குக்கு ஊற்றுகிறான் என்று முடிவு கட்டிவிட்டேன். எனக்குக் கோபம் வந்தால் கை முதலில் போய்விடும். யோசனை சாவகாசமாகப் பின்னால் வரும்.

"நான் எடுக்கலண்ணே" என்றான். சட்டையைப் பிடித்துச் சுவரில் சாத்தினேன்.

"ஆத்தா மேல சத்தியமா எடுக்கல."

டிக்கியில் கிடந்த ஸ்பேனரை ஓங்கினேன். தலையில் விழ வேண்டியதைக் கையால் தடுத்தான். நறுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அப்போதும் எனக்கு வெறி அடங்கவில்லை. அவன் மனைவி குறுக்கே வந்து விழாவிட்டால் இன்னொன்றும் போட்டிருப்பேன்.

அவனுக்குக் கட்டுப் போட்டார்கள். அதன்பிறகு அவன் காரைத் தொடவே இல்லை. ஆனாலும் பெட்ரோல் கரைந்துகொண்டே இருந்தது, சைலன்சர் கரும்புகை கக்கியது. திருவரங்குளம் ரோட்டில் இருக்கும் மெக்கானிக்கிடம் வண்டியை விட்டேன். சீட்டில் உட்கார்ந்தவர் மீட்டரைப் பார்த்துக் கேட்டார்: "இது என்னங்க, இங்கிட்டு ஒரு பொட்டு?"

என் மனைவியின் ஸ்டிக்கர் பொட்டு அது. இஞ்சின் எச்சரிக்கை விளக்கு மாதக்கணக்கில் மஞ்சளாக எரிந்து கண்ணை உறுத்தியதால் நான்தான் அதன்மேல் ஒட்டியிருந்தேன். அவர் நகத்தால் சுரண்டினார். உள்ளே விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

ஸ்கேனரை மாட்டி, ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னார். ஸ்கேனர் திரையில் ஏறி இறங்கித் துள்ள வேண்டிய எண் அசையாமல் கிடந்தது. ஒயரையும் இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சைலன்சர் பைப்புல இருக்கிற ஆக்சிஜன் சென்சார் செத்துப்போச்சுங்க. பெட்ரோல் பத்தல, பத்தலன்னு பொய் சொல்லுது. இஞ்சினும் அத நம்பி எடுத்துக் குடிக்குது."



ஜெகதாப்பட்டினத்துக் கடலோர உப்புக்காற்றில் துரு ஏறி, சென்சார் பைப்போடு பிடித்துக்கொண்டிருந்தது. எண்ணெய் அடித்தார், நெருப்பு காட்டினார், அசையவில்லை. ஸ்பேனரைப் பிடுங்கி நானே மாட்டி, சுத்தியலால் அடித்தேன். யாரை அடிக்கிறேன் என்று தெரியாமல் கண்டபடி கத்திக்கொண்டு அடித்தேன். கை வழுக்கி விரல் முட்டி கிழிந்தது. ரத்தத்தோடு அடித்தேன். கடைசியில் அது நறுக்கென்று விட்டது. அதே சத்தம். சுத்தியலைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

புதியதை அவர் கையாலேயே திருகி, பிறகு அளவாக முறுக்கினார். விளக்கு அணைந்தது, புகையும் நின்றது.

கரி படிந்த பழைய சென்சாரைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே தம்பி வீட்டுக்குப் போனேன். அவன் இடது கையால் சோறு தின்றுகொண்டிருந்தான். மெக்கானிக் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். அவன் சாப்பிட்டு முடித்து, கை கழுவிவிட்டுச் சொன்னான்:

"லைட்டு எரியுதுன்னு நாந்தான மொதல்ல சொன்னேன்? பொட்ட ஒட்டுன. எடுக்கலன்னு சொன்னேன். கைய ஒடச்ச. இப்ப கம்ப்யூட்டர் சொன்னதும் ஓடி வார."

உள்ளே போனவன், தன்னிடமிருந்த கார் சாவியைக் கொண்டுவந்து என் கையில் இருந்த சென்சார் மேல் வைத்தான்.

இப்போது வண்டி பெட்ரோலைக் கொஞ்சமாகத்தான் குடிக்கிறது. இரண்டு சாவியும் என்னிடமே இருக்கின்றன.