தேர்தலுக்கு ஒப்படைத்த ரைபிள்

துப்பாக்கிக் கடையில் வேலை என்றதும் எனக்குப் பெண் கொடுக்கவே யோசித்தார்கள். இருபது வருஷத்தில் நான் ஒரு காக்கையைக்கூடச் சுட்டதில்லை. வேலூர் லாங் பஜாரை ஒட்டிய கடை. கவுண்டருக்குப் பின்னால் நின்றே கால் வீங்கிய தோழர்களே, சேலையோ செருப்போ விற்றவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

மீதி நாலு

எழுபதுகளின் கடைசியில் கடை பெஞ்சில் ஓயாத வாதம் ஒன்று நடக்கும். செல்ஃப் லோடிங் ரைபிளில் விசையை அழுத்த அழுத்தச் சுடலாம். அடுத்த தோட்டா தானே ஏறிக்கொள்ளும். சின்னத் தோட்டா போடும் ரகத்துக்கு மட்டும் லைசென்ஸ் கிடைத்தது. அதையும் தடை செய்யணும் என்று ஒரு கட்சி, கூடாது என்று ஒரு கட்சி.

எங்கள் முதலாளி எந்தக் கட்சி என்று சொல்லவா வேண்டும்? "காட்டுப்பன்னி வந்தா அஞ்சு குண்டு வேணாமா?" என்றார். பேரணாம்பட்டுப் பக்கம் வேர்க்கடலை போடும் ஒற்றைக்குழல் துப்பாக்கிக்காரர் ஒருவர் சிரித்தார். "மொத சத்தத்துக்கே பன்னி ஆந்திரா போய்டும், மொதலாளி. மீதி நாலு யாருக்கு?"

காலி

தேர்தல் வந்தால் லைசென்ஸ்காரர்கள் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனிலோ எங்கள் மாதிரிக் கடையிலோ ஒப்படைத்துவிட வேண்டும். ஆம்பூர் தோல் வியாபாரி தயாளனும் தன் செல்ஃப் லோடிங்கைக் கொண்டுவந்தார். எனக்கும் சேர்த்து டீ சொல்லாமல் குடிக்க மாட்டார், நல்ல மனிதர்.

தோட்டா அடுக்கும் மேகஸினைக் கழற்றி, "காலிப்பா" என்று நீட்டினார். பழக்க தோஷம், குழலின் பின்வாயைத் திறக்கும் போல்ட்டை இழுத்தேன். குழலுக்குள் ஏறியிருந்த தோட்டா துள்ளிக் கவுண்டர் கண்ணாடி மேல் விழுந்தது. இரட்டைக்குழல் துப்பாக்கியை மடக்கினால் உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியும். இதில் மேகஸினைக் கழற்றினாலும் ஒன்று உள்ளேயே உட்கார்ந்திருக்கும் என்று விளக்கினேன். முதுகில் தட்டினார். "இதுக்குப் போய் இன்னாப்பா பேஜார் பண்றே? ஒண்ணுதானே!"

யார் பேரில்

தேர்தல் முடிந்ததும், ரைபிளைத் திரும்ப வாங்கத் தயாளன் வருவதற்கு முன்னால் அவர் மனைவி சரோஜா தனியாகப் பஸ் ஏறி வந்தார். வீட்டில் இருந்தால் அவர் எப்போதும் ரைபிளை எடுத்து வைத்துத் துடைப்பதும், வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவதுமாக இருப்பாராம். ரிப்பேர் என்று அவரிடம் சொல்லிக் கடையிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார்.

அந்தப் பொய் எனக்குப் புதிதல்ல. ரிப்பேர் வேலைக்குச் சோம்பல்பட்டு, "ஸ்பிரிங் போயிடுச்சு, பார்ட் கல்கத்தாவுலேர்ந்து வரணும்" என்று தினம் யாரிடமாவது சொல்வேன். அன்றைக்குப் பார்த்து எனக்குச் சட்டம் ஞாபகம் வந்தது. லைசென்ஸ் அவர் பேரில், அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் வைத்துக்கொள்வோம் என்றேன். மறுநாள் தயாளனிடம் ரைபிளைக் கொடுத்தும் விட்டேன். முந்தின நாள் சரோஜா கடைப் படியிறங்கும்போது சொன்னது இது: "நீங்களும் ஆம்பளைங்கதானேண்ணே."

கையெழுத்து

மூன்று மாதம் கழித்து, தயாளன் மேகஸினைக் கழற்றிவிட்டு, காலி என்று நினைத்து விசையை அழுத்தியிருக்கிறார். எதிரே காப்பி கொண்டுவந்த சரோஜாவின் முழங்காலில் குண்டு பாய்ந்தது. காலை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

போலீஸ் விசாரணையெல்லாம் முடிந்து ரைபிள் வீட்டுக்குத் திரும்பிய பிறகு ஒரு நாள், தன் தம்பி ரைபிளைத் தூக்கிவர, கக்கத்தில் கட்டையை ஊன்றிக் கடைக்கு வந்தார் சரோஜா. தயாளன் வரவில்லை. நான் தலை நிமிரவில்லை. மடித்த தாளொன்றைக் கண்ணாடி மேல் வைத்தார். "அவரு கையெழுத்துண்ணே. இப்போ வெச்சுக்கலாமில்ல?"

தடை வேண்டுமா வேண்டாமா என்று பெஞ்சில் பேசிக்கொண்டே இருந்தார்கள். நான் ஓய்வு பெறும்வரை எந்த வீட்டம்மா வந்து கேட்டாலும் அவர் வீட்டுத் துப்பாக்கிக்கு ஸ்பிரிங் போயிருக்கும், பார்ட் கல்கத்தாவிலிருந்து வரவே வராது.